ஓட்டையே இல்லாத கார்

ஆரையம்பதியில் என் கை படாத படகு எஞ்சின் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் ஒரு எஞ்சின் இருமுவதைக் கேட்டே சளி எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சும்மா சொல்லவில்லை, வாவிக்கரையில் யாரையும் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்டவன் கண்ணில் ஒரு பழைய ரேஸ் கார் பட்டால் விடுவானா?

இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். துணிக் கூரை. சிவப்பு நிறம், தவளை மாதிரித் தரையோடு பதுங்கி நிற்கும். மலைநாட்டுத் தோட்டமொன்றில், உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் அதை வாங்கினேன். மூன்று வருஷமாக நானே கழற்றினேன், நானே பூட்டினேன். கொழும்பில்கூடக் கிடைக்காத பாகங்களைப் படகு எஞ்சின் பாகங்களிலிருந்து அராவிச் செய்தேன். கிழிந்த கூரையை வலை பொத்தும் ஊசியால் நானே தைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நான் உழைத்துக் கட்டிய மாடிகூட மனைவிக்குச் சீதனமாக வந்த நிலத்தில், அவள் வளவில்தான் நிற்கிறது. மகளின் கலியாணத்தோடு எல்லாம் மகள் பேருக்குப் போகும், கார் நின்ற கொட்டிலும் சேர்த்து. யோசித்துப் பார்த்தால், இத்தனை உழைத்தவனின் பேரில் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

கலியாணம் நிச்சயமான கையோடு மனைவி தொடங்கினாள்.

"மருமகன்ட வேன் விட இடம் வேணும். ஓடாத சாமானை இரும்புக்காரனுக்குக் குடுங்க."

"ஓடாதெண்டு ஆரு சொன்ன?"

"அப்ப குருக்கள்மடம் மட்டும் போய்க் கிறுகி வாங்க, பாப்பம். ஆரும் தள்ளாம, இழுக்காம வந்தா கொட்டில் காருக்கு. இல்லாட்டி இரும்புக்காரனுக்கு. நானும் ஏறி வருவன். தனிய விட்டா வழியில ஆக்களக் கொண்டு தள்ளுவிச்சுப்போட்டு வந்து பொய் சொல்லுவீங்க."

பக்கத்தில் நின்ற அவள் தம்பி, என் மைத்துனனுக்கு வாய் எல்லாம் பல். "அத்தான், நான் உழவு மெசினோட பின்னால வாறன். கயிறும் இரிக்கு."

ஓட்டத்துக்கு முதல் நாள் காரின் அடியில் படுத்துக் கடைசியாக ஒரு பார்வை பார்த்தேன். அடித்தகட்டில் நான்கு ஓட்டை! வாவியில் வளர்ந்தவன் கை ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்குமா? காரைச் செய்தவனின் கவனக்குறைவுக்கு இரங்கிக்கொண்டே பூவரசங்கட்டையில் நான்கு ஆப்புச் சீவி, தாரில் தோய்த்த துணி சுற்றி, கீழிருந்து மேலாக அடித்து இறுக்கினேன். வாவியில் இறக்கினாலும் மிதக்கும் என்று தட்டியும் கொடுத்தேன்.

போகும்போது ராசாதான். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். மைத்துனனின் மெசின் எங்கோ பின்னால் புள்ளியாகிவிட்டது. குருக்கள்மடத்தில், பேசியபடி, காரைத் திருப்பி வீட்டுப் பக்கம் கிறுகினேன். மார்கழி மழை பிடித்தது.

கூரையில் நான் போட்ட ஒவ்வொரு தையலும் ஒரு தண்ணீர்ப் பீலியாக ஊற்றியது.

"இஞ்ச பாருங்க, என்ட செருப்பு மிதக்குது."

"மழையெண்டா நனையத்தானே செய்யும்."

"இது நனையிறயா? காலை வைச்சா குளம்! தண்ணி போற வழி எங்க?"

"போகாது. வழியெல்லாம் அடைச்சிட்டன்," என்றேன் பெருமையாக.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தோணிக்குத் தண்ணி கீழால வரும். இதுக்கு மேலால வருது. அது வடியத்தானே ஓட்டை விட்டிரிக்கான். அதை அடைச்ச மனிசன ஊருக்குள்ள எல்லாரும் எஞ்சின் டாக்குத்தர் எண்டு சொல்றாங்க!"

அப்போது எஞ்சின் இரண்டு முறை இருமியது. எனக்கு அந்த இருமல் தெரியும். பேட்டரி எங்கள் ஆசனத்துக்குப் பின்னால் தாழ்ந்த குழியில் இருந்தது. தண்ணீர் அங்கே ஏறிவிட்டது. எஞ்சின் ஒருமுறை நின்றால் தள்ளாமல் உயிர் வராது. நிற்கவிடாமல் உறுமவைத்தபடி ஓரத்தில் நிறுத்தினேன். பின்னால் டொக்கு டொக்கு என்று மெசின் வரும் சத்தம். மைத்துனன் தலையில் பொலித்தீன் பை, தோளில் கயிறு.

மனைவி கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாலே போதும், கொட்டில் காலியாகிவிடும். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். என் கால் மிதியை விட்டு எழும்ப முடியாது.

"சுத்தியல் எங்க?" என்றாள்.

நான் காட்டிய இடத்திலிருந்து அதை எடுத்து, சேலையைத் தூக்கிச் செருகினாள். தண்ணீருக்குள் தடவி ஆப்பைக் கண்டுபிடித்து ஓங்கி அடித்தாள். ஊறிய கட்டை அசைவதாயில்லை. ஐந்தாவது அடியில் அது கழன்று கீழே விழ, தண்ணீர் சளசளவென்று ரோட்டில் இறங்கியது. எஞ்சின் இருமலை நிறுத்தியது.

"எங்கட அப்பா தோணிக்காரன். தண்ணி ஏறக்குள்ள கையக் கட்டிக்கொண்டு இரிக்க எனக்குத் தெரியா. வேற ஒண்டும் நினைச்சிராதீங்க."

மைத்துனன் வந்து குனிந்தான். "கயிறு கட்டட்டா அக்கா?"

"போய் ஒன்ட மாட்டக் கட்டுடா!"

கார் தன் காலிலேயே கொட்டிலுக்குள் போய் நின்றது. "ஆரும் தள்ளல்ல, இழுக்கல்ல," என்றேன்.

அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். "ஓம், கொட்டில் காருக்குத்தான். ஆனா காரை என்ட பேருக்கு மாத்தித் தாங்க. எங்கட வளவுக்குள்ள ஆம்பிளைட பேர்ல ஒண்டும் நிண்டதில்ல."

மாற்றிக் கொடுத்தேன். மருமகனின் வேன் இப்போது மாமரத்தடியில் நிற்கிறது. சுத்தியல் அவள் ஆசனத்தின் கீழேயே இருக்கிறது. மற்ற மூன்று ஆப்பையும் கழற்ற இன்றுவரை யாராலும் முடியவில்லை. நான் அடித்த அடி அப்படி.