இராசமலர் அக்காவின் இரண்டு கிழமை

செவ்வாய்க்கிழமை காலை இடைவேளையில் சூப்பர்வைசர் வந்து, இராசமலர் அக்கா விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்றார். தேநீரை மேசையில் வைத்தேன். பிறகு அதை எடுக்கவேயில்லை.

நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் உறைந்த பராட்டாவைப் பெட்டியில் அடைக்கிறவர்கள். அந்தக் குளிரில் வாயைத் திறந்தாலே பல் கூசும். நானோ வாய் மூடியிருக்கிற ஆளில்லை. சேர்ந்த முதல் கிழமையே கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன். அக்கா சின்னப் போத்தல் ஒன்றைத் தந்தார். நல்லெண்ணெயில் கராம்பு இடித்து ஊறவைத்தது. பஞ்சில் தொட்டுப் பல்லில் வைக்க வேண்டும். இரவில் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும்.

"ரெண்டு கிழமை பார். நிக்காட்டி பல் டொக்டரிட்டைப் போ. கராம்பு விறைக்கப் பண்ணும், அவ்வளவுதான்."

சாப்பாட்டு அறை நாட்காட்டியில் அன்றிலிருந்து பதினான்காம் நாளில் என் பெயரை எழுதினார். மருந்து வாங்கிய எல்லோருக்கும் அப்படித்தான். அந்த நாள் வந்தபோது, சுகம் என்று பொய் சொன்னேன். பல் டொக்டர் என்றால் எனக்கு நடுக்கம். அக்கா குளிர்ந்த தண்ணீரை நீட்டி, "குடி பாப்பம்" என்றார். ஒரு மிடறுகூட முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை அக்கா தன் வீடு இருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் பிடித்து வந்து, அஜின்கோர்ட்டில் பல் டொக்டரின் வாசலில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வேர்வரை சீழ் பிடித்திருந்ததாம்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் அக்கா ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடத் தொடங்கினார். கேட்டால் பல் கூச்சம் என்பார். நாட்காட்டியில் அவர் பெயர் இல்லை. ஒருநாள் எட்டவில்லை என்று பஞ்சை என்னிடம் தந்தார். வைக்கும்போது கண்டேன்: உள்முரசில், பல் ஈறில், வெள்ளையாகத் தடித்து, நடுவில் புண். அக்கா, இது கூச்சமில்லை என்றேன்.

"தெரியும். பிள்ளையின்ர நர்சிங் சோதினை முடியட்டும், போறன். அதுவரைக்கும் ஆருக்கும் சொல்லிப்போடாதை. என்னில ஆணை."

ஊர்வாய்க்காரி நான், அந்த ஒன்றை மட்டும் காப்பாற்றினேன். எட்டுக் கிழமை! ஒவ்வொரு நாளும் என் கையாலேயே எண்ணெய் வைத்துவிட்டேன். எனக்காகப் பஸ் ஏறி வந்தவருக்கு ஒரு கோப்பைத் தண்ணீரை நீட்டி, குடியுங்கோ பாப்பம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகளின் பரீட்சை முடிந்து அவர் போனபோது, வாய்ப்புற்றுநோய், பிந்திவிட்டது என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில் அக்காவின் மகள் யாழினி என் கையைப் பிடித்தாள்.

"அன்ரி, அம்மாக்கு எப்ப தொடங்கினது? வேலையில ஏதும் சொன்னவவா?"

இல்லையம்மா என்றேன். பெட்டியில் அக்காவின் வாய் இறுக மூடியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், பாவி.

யாழினி, இந்த அஞ்சலியை நீ வாசிப்பாய். அம்மாவின் புண் எனக்குத் தெரியும், பிள்ளை. தொடக்கத்திலிருந்தே தெரியும். உன் சோதினையில் ஒரு பிழையும் இல்லை. தாய் மனம் அப்படித்தான் நினைக்கும். பக்கத்தில் நின்ற நான்தான் பேசியிருக்க வேண்டும். என்னைத் திட்ட வேண்டுமென்றால் வா, கதவு திறந்திருக்கும்.

இன்று போன வருட நாட்காட்டியை எடுத்துத் தாள்களைத் திருப்பி, அந்தப் புண்ணைக் கண்ட நாளிலிருந்து பதினான்காம் நாளைத் தேடி அக்காவின் பெயரை எழுதினேன்.

அக்கா, ஆணையை முறிச்சுப்போட்டன். கோவிக்காதேங்கோ. போயிட்டு வாங்கோ.