இருபத்தொரு நிமிடப் பாட்டு

சென்ற மாதம் வவுனியா பஸ் நிலையத்தில் என் மகள் தன் காதிலிருந்த வயர்களில் ஒன்றைக் கழற்றி என் காதில் செருகினாள். அவள் அங்கே படிக்கிறாள். என்னைக் கிளிநொச்சி பஸ் ஏற்றிவிட வந்திருந்தாள்.

"அப்பா, நீங்கள் மேசையில தட்டித் தட்டிப் பாடுற பாட்டு இதுவோ பாருங்கோ."

அதுதான். முதலில் மணல் கொட்டுவது போன்ற ஒரு சத்தம், பிறகு நெல்லு மில் எஞ்சின் ஸ்டார்ட் எடுப்பதைப் போல ஓர் ஆர்கன். ஆனால் எல்லாம் நான் அறிந்ததைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடியது. பாடகனின் குரலும் இளமையாக இருந்தது. முப்பது வருடமாக அவனை ஒரு கிழவன் என்று நம்பியிருந்தேன். பஸ் நிலையத்தில் நின்று சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரப்பா உங்களுக்கு இந்தப் பாட்டைத் தந்தது?" என்று மகள் கேட்டாள்.

"கூட வேலை செய்த ஒருத்தர்" என்றேன். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இருபத்துமூன்று வயதில் மல்லாவியில் ஒரு நெல் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக வேலை கிடைத்தது. அங்கே எனக்கு முன்னமே சேர்ந்திருந்தவன் ரபீக். முல்லைத்தீவுக்காரன், என் வயதுதான். இருவரும் பாக்கியமக்கா என்பவரின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். பாக்கியமக்கா மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து புருசனோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி வயல் செய்தவர். புருசன் இறந்த பிறகு அறையை வாடகைக்கு விட்டிருந்தார்.

ரபீக்கிடம் ஒரு கசெற் ரேடியோவும் ஒரேயொரு கசெற்றும் இருந்தன. கொழும்பிலிருந்த அவன் மச்சான் பதிந்து கொடுத்த கசெற். பாடுகிறவர்களின் பெயர் இல்லை, படம் இல்லை. அட்டையில் நீலப் பேனையால் 'புரோகிரெசிவ் ரொக்' என்று மட்டும் எழுதியிருந்தது. புரோகிரெசிவ் என்றால் முற்போக்கு என்று எனக்குத் தெரியும். ஆகவே சம்பள உயர்வு கேட்கும் பாட்டுகளாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் பக்கத்தில் நான்கு பாட்டு. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, இருபத்தொரு நிமிடம். உங்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும், அதில் முதல் ஆறு நிமிடத்துக்கு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருநாள் பாக்கியமக்கா குசினியிலிருந்து வந்து வாசலில் நின்று கேட்டார். "ஏந் தம்பி, இவரு எப்பத்தான் பாட ஆரம்பிப்பாரு? உலையில போட்ட சோறே வெந்துருச்சு."

அந்தப் பாட்டில் ஓரிடத்தில் தாளம் ஏழுக்கு மாறும். நாங்கள் நாலுக்குப் பழகிய கைகள். நான் கதிரைச் சட்டத்தில் தட்டிக்கொண்டே போய் எப்போதும் ஆறாவதில் வழுக்கி விழுவேன். "டேய், எண்ணுடா. வாயால எண்ணு" என்பான் ரபீக். எனக்கு அவனிடம் 'டேய்' வாங்குவது பிடிக்கும். வேலையிடத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அறைக்குள் வந்து சேர்ட்டைக் கழற்றியதும் 'டேய்' ஆகிவிடும்.

ஆங்கிலம் இரண்டு பேருக்கும் அரைகுறை. பாட்டின் கதையை நாங்களே உண்டாக்கினோம். ஒருவன் கடலில் கப்பலைத் தவறவிட்டுவிடுகிறான் என்று ரபீக் சொன்னான். இல்லை, அவன் பெண்சாதி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நான் சொன்னேன். அண்மையில் மகளிடம் வரிகளை மொழிபெயர்க்கச் சொன்னேன். கப்பலும் இல்லை, பெண்சாதியும் இல்லை. ஏதோ ஒரு மலையும் சூரியனும், பிறகு ஒரு பிரபஞ்சமுமாம். எங்களுடைய கதை அதைவிடத் திறம்.

தொண்ணூறாம் ஆண்டு, மாரி மழை தொடங்குகிற நேரம். முஸ்லிம் சனங்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று துவக்கு ஏந்தியிருந்தவர்கள் அறிவித்தார்கள். அன்று காலை பதினொரு மணியளவில் ரபீக் அறைக்கு வந்து ஒரு சாக்குக்குள் உடுப்புகளை அடைத்தான். அவன் குடும்பம் முல்லைத்தீவிலிருந்து ட்ரக்டரில் புறப்பட்டு மாங்குளம் சந்திக்கு வருவதாகச் செய்தி வந்திருந்தது. மாங்குளம் பத்து மைல். பஸ் இல்லை.

"டேய், என்னைச் சைக்கிளில மாங்குளம் மட்டும் கொண்டுபோய் விடுறியோ?"

நான் சொன்ன பதில் இதுதான். "பின் டயருக்குக் காத்து நிக்குதில்லையடா. ஒட்டவேணும்."

டயரில் காற்று இருந்தது. முந்தின நாள்தான் நானே அடித்திருந்தேன். எனக்குப் பயம். அவர்களுக்கு உதவினால் பிறகு விசாரிப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வீதியில் ஒருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானாக நினைத்து, நானாகப் பயந்தேன்.

ரபீக் பாக்கியமக்காவிடம் சொல்லிவிட்டு வருவதாகப் பின்பக்கம் போனான். அவர் ஒரு பொதியில் அவலும் சீனியும் கட்டிக் கொடுத்தார், அழுதார். திரும்பி வந்து சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கசெற் ரேடியோவைக் காட்டினான்.

"இதை வைச்சிரு. ரெண்டு கிழமையில வந்து எடுக்கிறன். மழைக்கு நனைய விடாதை."

படலையைத் திறந்து நடந்தான். அவன் வளைவில் மறையும்வரை நான் அறைக்குள்ளேதான் இருந்தேன். அன்று மத்தியானம் பாக்கியமக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு என்னோடு கதைக்காமல் போனார். அதன் பிறகும் ஒன்றிரண்டு மாதம் தேவைக்கு மட்டும்தான் கதைத்தார்.

இரண்டு வாரம் என்றது போய் வருடங்களாயின. வன்னிக்குப் பற்றறி வருவது நின்றது, மின்சாரமும் இல்லை. சனங்கள் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்கப் பழகினார்கள். நானும் அப்படித்தான் அந்தக் கசெற்றைக் கேட்டேன். காற்று இல்லை என்று நான் சொன்ன அதே பின் டயரில் டைனமோ உரசிக்கொண்டிருக்கும். கை களைத்தால் பாட்டு இழுபடும், பாடகன் கிழவனாகிவிடுவான். வேகமாகச் சுற்றினால் கொஞ்சம் தேறுவான். இருபத்தொரு நிமிடம் சுற்றுவது சும்மா வேலை இல்லை. கலியாணமான புதிதில் என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "இப்பிடிக் கஷ்டப்பட்டுக் கேக்கிறதுக்கு இதில என்ன இருக்கு?" என்று கேட்டாள். தாளத்தைப் பற்றி ஏதோ விளங்கப்படுத்தினேன். ரபீக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒருமுறை நாடா சிக்கி அறுந்தது. சிக்கியதை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒன்பதாவது நிமிடத்தில் பாட்டு ஒரு பாய்ச்சல் பாயும். அப்போது நாங்கள் அக்கராயனுக்குக் குடிபோயிருந்தோம். கடைசி யுத்தத்தில் அங்கிருந்து வெளிக்கிட்டு இடம் இடமாகப் போனபோது, ரேடியோவை முதலில் விட்டேன். கசெற்றை மட்டும் மகளின் பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்து விசுவமடு வரை கொண்டுபோனேன். அங்கே ஒரு நாள் பேணியா, அரிசிப் பையா என்று வந்தது. அரிசியைத் தூக்கினேன். அதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை.

மகள் பாட்டைக் கண்டுபிடித்துத் தந்த பிறகு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ரபீக் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து வலையும் கயிறும் விற்கிறான் என்று சில வருடங்களுக்கு முன்பே கேள்விப்பட்டிருந்தேன். ஒன்றரை மணித்தியாலப் பயணம். போகவில்லை. இப்போது மகளின் பழைய ஃபோனில் பாட்டைப் பதிந்து வாங்கிக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன்.

கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒருவர் நைலோன் கயிற்றை முழம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். என் பெயரைச் சொன்னேன். கயிறு கையிலிருந்து நழுவியது.

"வாங்கோ" என்றார். "உள்ளுக்கு வாங்கோ, இருங்கோ."

தேத்தண்ணி வந்தது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டோம். அவருடைய மூன்று பேரும் இடம்பெயர்ந்து போன புத்தளத்தில் பிறந்து அங்கேயே கலியாணம் முடித்திருந்தார்கள். ஒரு வயரை அவர் காதிலும் மற்றதை என் காதிலும் வைத்துப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். ஏழு வருகிற இடத்தில் அவர் விரல் மேசையில் தட்டத் தொடங்கியது. அவரும் ஆறாவதில் தவறினார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். ஒன்பதாவது நிமிடத்தில், நான் வெட்டி எறிந்த இடத்தில், ஒரு சின்ன மணிச் சத்தம் இருக்கிறது. அதைக் கேட்டதும் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாட்டை நிறுத்தினேன்.

"ரபீக், அண்டைக்கு என்ர சைக்கிளுக்குக் காத்து இருந்தது."

அவர் வயரைக் கழற்றிக் கவனமாகச் சுற்றினார்.

"தெரியும்" என்றார். "அக்காட்டச் சொல்லப் பின்னுக்குப் போகேக்க சைக்கிள் சுவரில சாத்தியிருந்தது. டயரை அமத்திப் பார்த்தனான்."

"அப்ப ஏன் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டு என்ன செய்யிறது. உங்கட முகத்தைப் பார்த்தனான். நீங்கள் என்னைவிடப் பயந்துபோய் இருந்தீங்கள்."

பிறகு அவரே சொன்னார். மாங்குளத்துக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். வாப்பாவின் ட்ரக்டர் ஒரு மணித்தியாலம் காத்து நின்றுவிட்டு மற்றவர்களோடு போய்விட்டது. மழையில் நடந்தும் வேறு வண்டிகளில் தொங்கியும் போய், மூன்றாம் நாள் வவுனியாவில்தான் வீட்டாரைக் கண்டார். அதுவரை உம்மா தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். ரேடியோவும் கசெற்றும் என்ன ஆயின என்று சொன்னேன். "அரிசியை எடுத்தது சரி" என்றார்.

கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் எழும்பினேன். வாசல் வரை வந்து என் கையைப் பிடித்தார். பிடி இறுக்கமாகத்தான் இருந்தது.

"கவனமாப் போயிட்டு வாங்கோ. அடுத்தமுறை உங்கட வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

முதல் 'வாங்கோ'வைக் கடைக்காரர் பழக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி குடிக்கையில் மாறும் என்று பார்த்திருந்தேன். டயரைப் பற்றிச் சொன்ன பிறகாவது வாயில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. இந்தக் கட்டுரையிலும் பாருங்கள், பாதி வழியில் என்னை அறியாமலே நானும் 'அவர்' என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.

அப்பாவும் அண்ணனும் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் கனபேர் உயிரோடு இல்லை, இருக்கிறவர்கள் வெளிநாட்டில். என்னை 'டேய்' என்று கூப்பிடக்கூடியவர்களில் மிஞ்சியிருப்பது ரபீக் ஒருவன்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் அன்று பஸ் ஏறியிருந்தேன்.