பிந்தி வரும் காகம்

கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி வீடொன்றில் ஹியூபேட் தன் மனைவிக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கை அளவு அட்டைகள். ஒன்றில் கதவு, ஒன்றில் குடை, ஒன்றில் தேத்தண்ணிக் கோப்பை. காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லை.

"இது என்ன, புளோறி? சொல்லு. க... கத..."

"அதுதான்," என்றாள் புளோறன்ஸ்.

"அதுதான் இல்லை. கதவு. வாயை வடிவாத் திறந்து சொல்லு. கதவு."

"அதுதான்."

பாரிசவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கையின் பலம் ஓரளவு திரும்பிவிட்டது. காலை இழுத்து இழுத்தாவது நடக்கிறாள். பேச்சு மட்டும் போன இடம் தெரியவில்லை. அறுபத்துமூன்று வருடமாகச் சேர்த்த சொற்களில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். பசித்தாலும் அதைத்தான் சொல்வாள், வலித்தாலும் அதைத்தான் சொல்வாள், கோபம் வந்து தட்டைத் தள்ளிவிடும்போதும் அதைத்தான் சொல்வாள். பிறர் பேசுவது முழுக்க விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஹியூபேட்டைக் கொழும்பில் இரண்டு விதமாக அறிந்தவர்கள் உண்டு. கொச்சிக்கடைப் பக்கம் கேட்டால், துறைமுகத்திலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் கம்பனியொன்றில் முப்பத்தாறு வருடம் கிளாக்காக இருந்தவர் என்பார்கள். கப்பலில் வந்த பெட்டியை இத்தனை நாளுக்குள் வெளியே எடுத்தாக வேண்டும் என்று ஒரு கெடு இருக்கும். அந்தக் கெடுவைத் துரத்தித் துரத்தியே அவருடைய தலைமயிர் கொட்டியது. கந்தோரில் கத்துவார், லொறிக்காரனிடம் கத்துவார், மதியச் சோற்றை நின்றபடியே விழுங்குவார். கெடு தவறிய பெட்டி என்று ஒன்று தன் வாழ்நாளில் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வெள்ளவத்தைப் பக்கம் கேட்டால் அவர் ஒரு கூழைக்கடா.

சனிக்கிழமை காலைகளில் வானொலியில் 'கால்வாய்க்கரை' என்றொரு சிறுவர் நாடகம் போனது. இருபத்திரண்டு வருடம் போனது. எழுதியவர் ஹியூபேட். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்து விளக்குக் கம்பத்தில் குந்தியிருக்கும் தொங்குவாய் மாமா என்ற கூழைக்கடாப் பறவைக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். மாமா ஒன்றுமே செய்யமாட்டார். யாராவது அவசரப்படுத்தினால், "பொறு பொறு, மீன் வரட்டும்," என்பார். மீனும் எப்படியோ வந்துவிடும். அதே கம்பத்தைச் சுற்றி நாள் முழுக்க ஓடித் திரியும் காகம் கனகக்கா. எல்லார் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, கடைசியில் மூச்சுவாங்க ஒரு வசனம் சொல்வாள்: "நான் இல்லாட்டி இந்தக் கால்வாயே வத்திப்போயிடும்!" அன்று அதைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள் இன்று பிரஷர் குளிசை போடுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். கந்தோரில் மேலதிகாரி பெருமையடித்துவிட்டுப் போனதும் இப்போதும் அந்த வசனத்தைத்தான் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

கனகக்காவின் குரல் புளோறன்ஸ். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், ஆடாமல் அசையாமல் இருக்கும் பறவைக்குக் குரல் கொடுத்த மனிதர் ஆக்கப் பொறுத்தாலும் ஆறப் பொறுக்காத பிறவி. படபடக்கும் காகத்துக்குக் குரல் கொடுத்தவளோ வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் இறங்குவாள். ஒலிப்பதிவிலும் அவள் தன் வசனத்துக்கு எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் வருவாள். தொடக்கத்தில் ஹியூபேட்டுக்கு அது தலைவலியாக இருந்தது. பிறகுதான், கேட்பவர்களின் சிரிப்பு முழுவதும் அந்த ஒரு நொடியில் இருக்கிறதென்று கண்டுகொண்டார். அதன்பின் ஒரு பழக்கம் வந்தது. தன் வசனத்தைச் சொல்லி முடித்ததும் மேசையிலிருந்து கையைத் தூக்குவார், வாயை மூடுவார், காத்திருப்பார். மைக்குக்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் அப்படிக் காத்திருந்தவர், வீட்டில் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. பிள்ளைகளும் இல்லை என்பதால் அந்த அவசரம் முழுவதையும் அவள் ஒருத்தியே தாங்கினாள்.

"மொத ஆறு மாசம் முக்கியம் அங்கிள்," என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ருஷ்தா சொல்லியிருந்தாள். "அதுக்குப் பொறகும் வரும். மெதுவாத்தான் வரும்."

ஹியூபேட்டின் துறைமுகக் காதில் முதல் பாதி மட்டுமே விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் கலண்டரில் ஆறு மாதத்தை எண்ணி, அந்தத் திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டார். அன்றைக்குள் புளோறியை வெளியே எடுத்தாக வேண்டும். அன்றிலிருந்து இருவருக்கும் நித்திரையும் இல்லை, நிம்மதியும் இல்லை.

போன கிழமை ருஷ்தா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "அங்கிள், நீங்க கேள்வியும் கேட்டுட்டு, பதிலையும் நீங்களே சொல்லிடுறீங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. பேசாம சும்மா ஈங்க."

"ஓம் மகள், ஓம்," என்றார். மூன்றுக்கு மேல் எண்ணியதே இல்லை.

இந்த நிலையில்தான் நாகேந்திரத்தின் தொலைபேசி வந்தது. வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் அவர். நெஞ்சைப் பிளந்து வைத்தியம் செய்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது சீனத்துத் தாவோ தத்துவத்தைக் கையில் எடுத்தவர், எழும்பிய பிறகும் கீழே வைக்கவில்லை. போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறைகளில் புடவைக்கடையொன்றின் மேல்மாடியில் ஆட்களைக் கூட்டி யாரையாவது பேசவைப்பார்.

"ஹியூபேட், உம்மட கூழைக்கடாவைப் பற்றி சீனாவில இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே கதைச்சிருக்கிறாங்கள், தெரியுமோ?"

"ஆர் அண்ணை?"

"தாவோக்காரர். உலகத்துக்கெண்டு ஒரு போக்கு இருக்கு, தண்ணிக்கு இருக்கிற மாதிரி. அதுதான் தாவோ. அதோட சேர்ந்து போறவனுக்குக் களைப்பில்லை. மறிச்சு இழுக்கிறவனுக்குக் கைதான் நோகும். செய்யாமலே செய்யிறது எண்டு ஒண்டு சொல்லுவினம். சோம்பேறித்தனமில்லை, கேட்டீரோ. உம்மட பறவை கம்பத்தில இருந்து செய்தது அதைத்தான். நீர் வந்து அரை மணித்தியாலம் அதைச் சனத்துக்கு விளங்கப்படுத்தும்."

"புளோறியைத் தனிய விட ஏலாது, அண்ணை."

"கூட்டிக்கொண்டு வாரும்."

ஹியூபேட் ஒப்புக்கொண்டார். தாவோவில் ஆசை வந்து அல்ல. ஐந்து மாதமாக மனிதர் கூட்டம் எதிலும் இருந்ததில்லை. நாலு பேர் நடுவே கொஞ்ச நேரம் இருந்தால் போதும் என்று தோன்றியது.

போயா பின்னேரம் புளோறன்ஸுக்கு மண்ணிறச் சேலையைக் கட்டிவிட்டு, ஓட்டோவில் ஏற்றி, மேல்மாடிப் படிகளில் தாங்கிப் பிடித்து, முன்வரிசைக் கதிரையில் இருத்தினார். அதற்குள்ளேயே அவருக்கு மூச்சு வாங்கியது. நாற்பது பேரளவில் வந்திருந்தார்கள். பின்மேசையில் தேத்தண்ணியும் பற்றிஸும் மூடி வைத்திருந்ததால் பாதிப் பேரின் கவனம் அங்கே இருந்தது.

நாகேந்திரம் எழுதிக் கொடுத்த குறிப்பை ஹியூபேட் வாசித்தார். செதுக்காத மரக்கட்டை, எவரும் வெட்டாமல் விட்ட கோணல் மரம், பள்ளத்தைத் தேடும் தண்ணீர் என்று வரிசையாக வந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். அவருக்கே கொட்டாவி வரும் போலிருந்தது. குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு இது சரியா விளங்கேல்ல," என்றார். "எனக்குத் தெரிஞ்ச கதை ஒண்டு சொல்லுறன். கனகக்காட வெள்ளிக் கரண்டி ஒருநாள் கால்வாய்க்குள்ள விழுந்திட்டுது."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கனகக்கா ஒரு தடியைக் கொண்டுவந்து தண்ணியைக் கிண்டத் தொடங்கினா. சேறு கிளம்பிட்டுது. கரண்டி தெரியேல்ல. இன்னும் கிண்டினா. இன்னும் சேறு. எலி, உடும்பு எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தடி குடுத்தா. பின்னேரம் எல்லாரும் களைச்சுப்போய் வீட்டுக்குப் போயிட்டினம். கம்பத்தில இருந்த தொங்குவாய் மாமா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாச் சேறு அடியில படிஞ்சுது. பார்த்தால், கரண்டி அங்கயே கிடக்கு. மாமா என்ன செய்தவர்? ஒண்டுமில்லை. சீனாக்காரர் சொல்லுறதும் இதுதான் எண்டு நினைக்கிறன். தடியாலயே கலக்கிப்போட்டு, தண்ணி கலங்கியிருக்கெண்டு தண்ணியில பிழை சொல்லக்கூடாது."

கைதட்டினார்கள். ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்குத் தன் காது கேட்காது. ஹியூபேட்டுக்கும் அன்று கேட்கவில்லை.

"ஒருக்கா அந்தக் குரலில சொல்லுங்கோ, சேர்!" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

ஹியூபேட் தொண்டையைச் செருமினார். கீழ்வயிற்றிலிருந்து அந்தப் பழைய, கனத்த, நித்திரைக் குரல் எழும்பி வந்தது. "கனகக்கா... தடியை வச்சிட்டு ரெண்டு நிமிஷம் இருந்தால் என்ன? பொறு பொறு, மீன் வரட்டும்."

அடுத்த வசனத்தையும் தானே சொல்வதென்றுதான் இருந்தார். ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது. கை மேசையிலிருந்து எழும்பியது, வாய் மூடிக்கொண்டது. ஒரு நொடி போனது.

"நான் இல்லாட்டி இந்தக் கால்வாயே வத்திப்போயிடும்!"

கரகரத்த குரல். மூச்சுவாங்கும் குரல். கனகக்காவேதான். முன்வரிசையில் புளோறன்ஸ் கழுத்தை நீட்டி, காகம் பார்ப்பது போல் ஒருக்களித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபை எழும்பி நின்று கைதட்டியது. அவளுடைய நிலைமை தெரிந்த இரண்டு பெண்கள் அழுதார்கள்.

ஹியூபேட் அங்கேயே நின்றிருக்கலாம். அப்படி நின்றிருந்தால் அவர் ஹியூபேட் இல்லை. மைக்கும் கையுமாகப் பாய்ந்து இறங்கி அவள் முன்னால் முழந்தாளிட்டார்.

"வந்திட்டுது! புளோறி, வந்திட்டுது! இன்னொருக்கா சொல்லு. என்ர பேரைச் சொல்லு. ஹி... ஹியூ... சொல்லன்! கதவு சொல்லு. க... கத..."

கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். மூன்றாம் மாடி வீட்டுக்குள் ஐந்து மாதமாக நடந்தது இப்போது இரண்டு ஒலிபெருக்கிகளில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அதுதான்," என்றாள் புளோறன்ஸ். "அதுதான்... அதுதான்..." முகம் கோணியது. உதட்டை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். கண்ணீர் வழிந்தது. கைதட்டியவர்கள் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாகேந்திரம் மெல்ல வந்து மைக்கை அவர் கையிலிருந்து வாங்கி நிற்பாட்டினார். பிறகு குனிந்து, அவருக்கு மட்டும் கேட்க, "தடியை வையும், ஹியூபேட்," என்றார்.

அந்த ஐந்து மாதத்தில் ஹியூபேட் பலமுறை அழுதிருக்கிறார். வெட்கப்பட்டது அன்றுதான்.

தேத்தண்ணிக்கு நிற்கவில்லை. ஓட்டோவில் ஏறியதும், "ஹெமின் யன்ன, மல்லி," என்று சிங்களத்தில் சொல்லி மெதுவாகப் போகச் செய்தார். வாழ்க்கையில் எந்தச் சாரதியிடமும் அவர் அப்படிச் சொன்னதில்லை. கால்வாய்ப் பாலத்தில் விளக்குக் கம்பத்தின்மேல் ஒரு கூழைக்கடா இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். காலி வீதி நெரிசலில் ஊர்ந்து, கோட்டையைச் சுற்றி, ஓட்டோ கொட்டாஞ்சேனை வந்து சேர்ந்தது.

மூன்று மாடியையும் நின்று நின்று ஏறினார்கள். அவளைக் கதிரையில் இருத்தி, தரையில் அமர்ந்து, செருப்பு வாரைக் கழற்றினார். கோவில் மணி ஆறு அடித்தது. அட்டைக் கட்டு மேசைமேல் இருந்தது. புளோறன்ஸ் அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அடி வாங்கப் போகும் பிள்ளையின் பார்வை அது. அதை அவர் கண்டார்.

அட்டையை எடுக்கவில்லை. ஞானம் வந்து எடுக்காமல் விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எழும்ப ஏலவில்லை. தாவோவும் இல்லை, கீவோவும் இல்லை, வெறும் களைப்பு. அவளுடைய கதிரைக் காலில் முதுகைச் சாய்த்து, தரையிலேயே இருந்துவிட்டார். கீழே ஒழுங்கையில் பாண் விற்கும் வண்டி தன் பாட்டைப் போட்டபடி வந்து, நின்று, போனது.

"களைச்சுப்போனன், புளோறி," என்றார்.

ஐந்து மாதத்தில் எவரிடமும் சொல்லாத சொல். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் எல்லாரும் அவளைப் பற்றித்தான் கேட்டார்கள். அவரும் "முன்னேற்றம் இருக்கு" என்று அவளைப் பற்றித்தான் சொல்லி வந்தார்.

"அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்க்கப் பார்க்கப் பயமா இருக்கு. நீ இப்பிடியே இருந்திட்டால், நான் ஆரோட கதைக்கிறது?"

கேட்டுவிட்டு அவர் வாயை மூடினார். எண்ணவில்லை. எண்ணுவதற்கும் தெம்பில்லை. தரையில் ஊன்றியிருந்த கை மட்டும் தானாக எழும்பி மடியில் விழுந்தது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட அவர் எழும்பவில்லை.

ஒரு கை அவருடைய வழுக்கைத் தலையில் வந்து இருந்தது. இன்னும் முழுதாகச் சுகப்படாத வலது கை.

"அதுதான்," என்றாள் புளோறன்ஸ்.

சரியான பதில். வழக்கம்போலக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.