மாலா யாரு சார்?

மண்ணாங்கட்டி முதலில் ஜெயித்தது சாவை. அக்கா அஞ்சலாட்சிக்குப் பின் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அடுத்துப் பிறந்த இவளை எமன்கூட வேண்டாமென்று தள்ளட்டும் என்றுதான் அந்தப் பேரை வைத்தார்கள். வீராம்பட்டினத்து வீட்டைச் சுனாமி வாரிக்கொண்டு போன வருஷம் இரவல் புத்தகத்தில் ஐந்தாம் வகுப்பு தேறினாள். பேரைக் கூப்பிட்டாலே சிரித்த வகுப்புகளைத் தாண்டி, வேதியியலில் தங்கப் பதக்கமும் வாங்கினாள்.

பிறகு ஆராய்ச்சி. காலியம் என்றொரு உலோகம். மருந்தாகக் கொடுத்தால் கிருமி அதை இரும்பென்று நம்பி உள்ளே இழுத்துக்கொண்டு சாகும். கிருமிகளை ஒவ்வொன்றாகக் கருவிக்குள் அனுப்பி, எதற்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று அவள் அளந்தாள். மீன் விற்கும் அஞ்சலாட்சிக்கு அது சட்டென்று புரிந்தது. கூடையை மொத்தமாக எடை போட்டு எண்ணிக்கையால் வகுத்தால் வஞ்சிரமும் நெத்திலியும் ஒரே எடையாகிவிடாதா?

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வரப்போகிறது என்ற சந்தோஷம் ஒரு பொழுதுகூட நிற்கவில்லை.

"இன்னாடி, மூஞ்சி இப்படிக் கெடக்குது?"

"என் பேர மாலான்னு போட்டுக்கலாம்ங்கறாரு சார். மண்ணாங்கட்டின்னா நம்ம ஆளுங்களே சிரிப்பாங்களாம்க்கா."

அஞ்சலாட்சி அரிவாள்மனையை விட்டு எழுந்தாள். செதில் ஒட்டிய கையோடு போனைப் பிடுங்கிப் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் புருஷோத்தமனைக் கூப்பிட்டாள்.

"மாலா யாரு சார்? எங்க ஊட்ல அந்தப் பேர்ல ஆளே இல்ல."

"கோவப்படாதீங்கம்மா. அவங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"இரும்பு வேஷம் கட்டிக்கினு உள்ள போறது உங்க மருந்து. எந்தங்கச்சி எதுக்கு சார் வேஷம் கட்டணும்?"

"அவங்களே சரின்னுட்டாங்களேம்மா!"

போனைக் காதிலிருந்து எடுத்துத் தங்கையைப் பார்த்தாள்.

"சொன்னியாடி?"

"சிரிப்பக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சுக்கா."

"சிரிச்சவன்ல எவனாவது அந்த மிஷினாண்ட உங்கூட நின்னானா? உனக்கே புடிக்கலன்னா தாராளமா மாத்திக்க, நான் குறுக்க வரல. எவனோ பல்லக் காட்டுறான்னு மாத்துனியோ, இந்த ஊட்டுப் படி ஏறாத!"

மண்ணாங்கட்டி அக்காவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சார், என் பேரையே போடுங்க. முழுசா."

"ரொம்ப நீளமா இருக்கும்மா."

"பரவால்ல சார். ஆராய்ச்சியும் நீளந்தான்."

அதுவரை எங்கே கையெழுத்துக் கேட்டாலும் 'க.ம.' என்று கிறுக்கிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுப்பவள். பத்திரிகைக்கான சம்மதத் தாளில், ஓர் எழுத்தும் விடாமல், 'க. மண்ணாங்கட்டி' என்று முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2024 மார்ச் 14 அன்று.