சடையனின் ஞாயிற்றுக்கிழமை விரதம்

மஸ்தான் பாய் மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிவரும் வேன்களில் எட்டு அவருடையவை. மூட்டை தூக்கிய தோள் அது. சும்மா வந்ததா எட்டு வேன்?

போன வருஷம் டிரைவர் சுப்பிரமணிக்குச் சர்க்கரை இருந்தது தெரியாமலே முற்றி, கால்விரல் இரண்டு போயிற்று. நாற்பது நாள் ஆஸ்பத்திரி. வேன் ஷெட்டில் நின்றது, மண்டிக்காரர் வேறு வண்டி பிடித்தார், சுப்பிரமணியின் மகள் காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இத்தனையும் ஒரு ஊசிக்குத்துப் பரிசோதனையில் தவிர்த்திருக்கலாம் என்று பாய்க்கு உறைத்தது. அன்றிலிருந்து மாதத்தின் முதல் திங்கள் காலை, நர்ஸ் எல்லம்மாள் ஷெட்டுக்கு வந்து எல்லோருக்கும் சர்க்கரை பார்ப்பாள்.

மூத்த டிரைவர் சடையனுக்கு எப்போதும் நல்ல நம்பர்தான். ஆனால் ஒருநாள் பாய் அவன் வேனில் ஏறினார். ஊர் வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் ஒதுங்கினான். ஒரு குடம் தண்ணீரும் காலி.

இது சர்க்கரைதான் என்று சந்தேகப்பட்ட பாய் நேரே சடையன் வீட்டுக்குப் போய் அவன் மனைவி ராஜம்மாளைக் கேட்டார்.

"ஊசி குத்திப் பாக்கற வாரம் மட்டும் ஞாயித்துக்கிழமை பச்சத்தண்ணிதாங்க பாய். கேட்டா அண்ணாமலையாருக்கு விரதம்ன்றாரு. திங்கக்கிழம ஊசி குத்தினதும் அஞ்சு பூரி!"

"சிவனுக்குத் திங்கக்கிழமதானம்மா விரதம்! பாய் எனக்கே தெரியுது, உன் புருஷனுக்குத் தெரியலியா?"

மறுமாதம் எல்லம்மாள் மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனைக்குச் சடையனின் ரத்தத்தை எடுத்துப் போனாள். அதன் முன்னால் ஒருநாள் பட்டினி பலிக்காது. சர்க்கரைக்காரருக்கு ஏழு வரை இருக்கலாம்; ஒன்பதரை என்று வந்தது.

சடையன் வேன் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "சாவிய மட்டும் வாங்கிடாதீங்க பாய். இத விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது."

"யோவ், சாவி உன் கையிலயே இருக்கணும்னுதான்யா இந்த டெஸ்ட்டே! நீ படுத்தா எனக்கு ஒரு வேன் நிக்குது. நாடு முழுக்க இப்படி எத்தினி பேரு படுக்கறான்? அத்தினி வண்டியும் நின்னா நாடு எப்படி ஓடும்? கவர்மென்ட்டு மாத்திரைய சும்மா குடுக்குதே, தர்மம்னு நெனச்சியா? என்னை மாதிரி வெவரம் தெரிஞ்சவன் எவனோ அங்கயும் இருக்கான்!"

"அப்போ பூரி?"

"ரெண்டு. அதுவும் எப்பவாவது."

டாக்டர் கண்ணையும் காலையும் சோதித்து, மாத்திரை எழுதி, வண்டி ஓட்டலாம் என்றார். மூன்று மாதத்தில் நம்பர் ஏழுக்கு இறங்கியது. இப்போது மண்டியில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், புது வேன் வாங்கிய தோரணையில் பாய் ஏழு என்ற அந்த நம்பரைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.