இரண்டு முழங்கால்களில் ஒரே காயம்

போர்நிறுத்தத்தோடு ஏ-9 பாதை திறந்த மறுவருடம், ஆவணி மாதம். கூரைத் தகரத்தில் ஷெல் துளைகள் இன்னும் அடைக்கப்படாத ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில், கிளிநொச்சியில், வேலை செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருப்பவர் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்தால், விசா அலுவலகம் இங்குள்ளவர்களிடம் மின்னஞ்சலில் ஆள் அடையாளம் கேட்கும். அவர் அங்கே சொன்னதும் இவர்கள் இங்கே சொல்வதும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் விசா இல்லை. அதனால் மின்னஞ்சல் வருமுன்னரே ஆட்களை இருத்தி, வரக்கூடிய கேள்விகளைக் கேட்டுப் பழக்கிவிடுவது என் வழக்கம்.

தர்மபுரத்திலிருந்து ஒரு பெண் தன் மகளோடு வந்தார். மகளுக்குப் பதினொரு வயதிருக்கும். கணவர் கனடாவில், இவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போனவர். அவருக்கு அனுப்பிய குடும்பப் படத்தின் பிரதி ஒன்றை என் மேசையில் வைத்தார். நடுவில் தாய், இரு பக்கமும் இரண்டு பெண்பிள்ளைகள்.

"மற்றப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா. ஆளுக்கொரு புதுப்படம் கேப்பாங்கள்."

"அவள் பள்ளிக்கூடம்."

அப்போது ஆவணி விடுமுறை. நான் மறுபடி படத்தைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளின் இடது முழங்காலிலும் காயம் இருந்தது. ஒரே அளவு, ஒரே வடிவம். எதிரே இருந்த பிள்ளையின் முழங்காலில் அதே காயம் காய்ந்து பொருக்காகியிருந்தது.

"ஸ்ரூடியோக்காரர் ஒட்டித் தந்தவர்," என்றார் தாய்.

ஒட்டுப்படம் எங்களுக்குப் புதினமில்லை. கடல் கடந்தவர்களை வீட்டாரின் பக்கத்தில் நிறுத்திய படங்கள் பல வீடுகளில் தொங்கின. ஆனால் ஒரே பிள்ளையை இரண்டு சட்டையில் இரண்டு தரம் நிறுத்திய படத்தை நான் அதுவரை கண்டதில்லை.

மூத்தவள் 1996 இடம்பெயர்வில், காட்டோரக் கொட்டிலில், மலேரியாவில் இறந்துவிட்டாள்.

"கடிதம் போகாத காலம் தம்பி. பாதை திறந்தாப்பிறகு போன் எடுத்தவர். முதல் கேள்வியே 'மூத்தவள் எப்பிடி?' எண்டுதான். வாய் வரேல்லை. நல்லாயிருக்கிறாள் எண்டிட்டன்."

அதன் பிறகு இளையவள் படத்தில் இரண்டு தரம் நின்றாள். தொலைபேசியிலும் இரண்டு தரம் கதைத்தாள், ஒருதரம் தானாக, மறுதரம் அக்காவாக.

"இப்ப ஈமெயில் வந்தா என்ன செய்யப்போறியள்?"

"நீங்கள் கேள்வியைக் கேளுங்கோ, பாப்பம்."

கேட்டேன். தன் கேள்விகளுக்கு அந்தப் பிள்ளை ஒரே மூச்சில் பதில் சொன்னாள். மூத்தவளின் கேள்விகள் தொடங்கியதும், ஒருவரும் சொல்லாமலே எழுந்து பக்கத்துக் கதிரையில் போய் இருந்தாள். குரல் மெதுவானது.

"அப்பா என்ன வாங்கித் தாறவர்?"

"பாலைப்பழம். சைக்கிள் கூடைக்குள்ள, தேக்கிலையில சுத்தி."

தாய் திரும்பிப் பார்த்தார். "அது உனக்கு ஆர் சொன்னது?"

"அக்கா."

"எப்ப?"

"படம் எடுக்கேக்கை."

வெளியே ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. தாய் மகளின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

புரட்டாதியில் மின்னஞ்சல் வந்தது. நான் பழக்கிய கேள்விகள்தான்: எத்தனை பிள்ளைகள், வயது, ஒவ்வொருவரதும் புதிய படம். தாய்க்குச் சொல்லி அனுப்பினேன். தாய் வந்து, இருக்காமலே சொன்னார்.

"ஒரு பிள்ளை எண்டு அடியுங்கோ."

"அவர் ரெண்டு எண்டு குடுத்திருக்கிறார் அக்கா. விசாவே இல்லாமல் போகலாம். அவருக்கும் இது தெரியவரும்."

"தெரியட்டும். இனி இவளை அந்தக் கதிரையில இருத்தேலாது."

மூத்தவள் இறந்த விபரத்தையும் சேர்த்து அடித்தேன். கணவருக்கும் ஒரு பிரதி போனது.

அவர் அழைப்பதாகச் சொன்ன காலையில் இருவரும் வந்து காத்திருந்தார்கள். மணி அடித்தபோது தாயால் தொலைபேசியை எடுக்க முடியவில்லை. நான் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினேன். மூத்தவள் எப்போது இறந்தாள், எப்படி இறந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

"அப்ப, வருசப்பிறப்புக்கு மூத்தவளெண்டு என்னோட கதைச்சது ஆர்?" என்றார்.

பிள்ளை தொலைபேசியின் பக்கம் குனிந்தாள்.

"நான்தான் எண்டு நினைக்கிறன், அப்பா."