மாஸ்டர் சொன்ன ஒரு வருஷம்

தையற்காரர்கள் பொய் சொல்வதில்லை, தேதி சொல்கிறார்கள். இந்த நுட்பமான வேறுபாட்டை உலகம் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்பது நம் மாஸ்டரின் நெடுநாள் மனக்குறை. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே கடை, ஒரே கத்தரி, ஒரே பதில்: "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்." கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த கோட்டை முதல் குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு வாங்கிப் போனவர்கள் உண்டு. ஊரார் 'நாளை மாஸ்டர்' என்று அழைக்கத் தொடங்கியபோது, பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் போல அதை அவர் ஏற்றுக்கொண்டார். வெட்கம் என்ற உறுப்பு தம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று போன கோடைவரை அவருக்கே தெரியாது.

போன கோடையில்தான், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவர் மகளுக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது. பெருநகரத்தில், குடிநீரைச் சோதிக்கும் ஓர் ஆய்வகம், எட்டு வாரம். வேலை கொடுத்தவர்கள் படுக்க இடம் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை சேரவேண்டும், இல்லையென்றால் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் மகளும் ஒரு பெட்டியோடு நகரத்தில் இறங்கினார்கள்.

விடுதிகள் நிரம்பியிருந்தன. நிரம்பாத ஒரே விடுதியில் ஒரு கட்டிலுக்கான வாடகை, மாஸ்டர் தம் கடை முழுவதற்கும் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு, ஜன்னல் கிடையாது. புரோக்கர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "ரெண்டு மாசத்துக்கு வீடு கேக்குறீங்களே, இது என்ன வாடகை சைக்கிளா சார்?"

சனிக்கிழமை மாலை, எத்தனையாவது மாடிப்படி என்ற கணக்கு தப்பிய பிறகு, ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மாவின் வீட்டு மாடியில் ஓர் அறை அகப்பட்டது. காற்று வந்தது, தண்ணீர் வந்தது, ஆய்வகம் நடக்கிற தூரம்.

"எத்தனை நாள் இருப்பீங்க?" என்றார் நர்ஸம்மா.

மகள் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார். "ஒரு வருஷம்மா."

கண் இமைக்கவில்லை. தொண்டை கமறவில்லை. தொழில் சுத்தம் என்பது அதுதான்.

"அப்ப சரி அண்ணே. ரெண்டு மாசம் மூணு மாசம்னு வர்றவங்க சகவாசமே வேணாம்னு இருக்கேன். நாலு ஆணி அடிச்சுட்டுப் போயிடுறாங்க, நான் ஓட்டைய எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வருஷம்னா வாடகைய நானே குறைச்சுக்கிறேன்."

படியிறங்கும்போது மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, எட்டே வாரம்பா!"

"தெரியும்டா. முதல்ல உள்ள நுழைஞ்சுடு. அப்புறம் அப்பா வந்து பக்குவமா சொல்லிக்கிறேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

"நல்லாருக்குப்பா. பெத்த பொண்ணையே கஸ்டமர் ஆக்கிட்டீங்க."

மாஸ்டர் ஊர் திரும்பினார். முதல் வாரம் மகள் போன் செய்தாள்: நர்ஸம்மா தம் மேசையை மாடிக்கு ஏற்றிவிட்டாராம், "ஒரு வருஷமும் தரையிலயா உக்காந்து படிப்ப?" என்று. மூன்றாம் வாரம்: தச்சரை வரவழைத்து, மகளின் கைக்கு எட்டும் உயரம் பார்த்து அலமாரி அடிக்கிறாராம். "என்னால அவங்க மூஞ்சியப் பாக்க முடியலப்பா. நான் சொன்னா நீங்க பொய்யர்னு ஆயிடும். சொல்லலன்னா நானும்தான்." அன்று மாஸ்டர் வெட்டிய சட்டைக்கு இரண்டு கையும் இடக் கையாக அமைந்தன.

ஆறாம் வாரம் போட்டது போட்டபடி கிடக்கப் புறப்பட்டார். பேருந்தில் வாசகம் தயாரித்தார். மூன்று முறை ஒத்திகை. கதவைத் திறந்த நர்ஸம்மா கையில் ஒரு துணிக்கட்டு இருந்தது.

"டெய்லர் அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க பொண்ணு ரூமுக்கு ரெண்டு திரை தைச்சுக் கொடுங்க. வெயில் மூஞ்சியில அடிக்குது, பாவம்."

துணியைக் கண்டால் மாஸ்டரின் கைகள் சொன்னபேச்சுக் கேட்பதில்லை. அவை பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, மாடியறை ஜன்னலை அளந்தன. அளந்துகொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது: "போன மாசம் ஒரு டீச்சரம்மா வந்தாங்க, கைக்குழந்தையோட. ரெண்டு வருஷம் இருப்பேன்னாங்க. இடம் கொடுத்தாச்சும்மான்னு அனுப்பிட்டேன். சொன்ன வாக்கு இருக்குல்ல?"

மாஸ்டர் நீளத்தை அகலம் என்று குறித்துக்கொண்டார். வாசகம் வாயிலேயே இருந்தது. துணியோடு இறங்கிவிட்டார்.

திரைகளை மூன்றே நாளில் தைத்தார். "உடம்புக்கு முடியலையா? சொன்னதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கீங்க!" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

ஏழாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டூலில் ஏறித் திரையை மாட்டினார். இறங்கினால் தைரியம் போய்விடும் என்று அங்கிருந்தே, கம்பியைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, பொண்ணு வர்ற சனிக்கிழமை காலி பண்ணுது."

"ஐயோ, வேலை போயிடுச்சா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த 'ஐயோ' நேராக நெஞ்சில் போய்க் குத்தியது.

"இல்லம்மா. வேலையே எட்டு வாரம்தான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

நர்ஸம்மா பிடித்திருந்த திரையின் ஓரத்தை விட்டார்.

"பொண்ணுக்கு?"

தெரியாது என்று சொல்ல மாஸ்டரின் நாக்கு பழக்கதோஷத்தில் புரண்டது. அதற்குள் கதவருகே நின்ற மகள், "தெரியும் ஆன்ட்டி" என்றாள்.

நர்ஸம்மா புது அலமாரியின் கதவைச் சாத்தினார். "முதல்ல ஸ்டூல விட்டு இறங்குங்க. விழுந்து வெச்சீங்கன்னா நான்தான் கட்டுப் போடணும்." இறங்கினார். "ரெண்டு மாசம்னு உண்மையச் சொல்லியிருந்தா கொடுத்திருப்பேனான்னு கேட்டா, மாட்டேன்தான். அதுக்காக? அந்தக் கைக்குழந்தைக்காரி எங்க அலையுறாளோ." பிறகு மகளைக் காட்டி, "இது தேதி வரைக்கும் இருக்கட்டும். வேலைய முடிக்கட்டும். நீங்க இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

அந்தச் சனிக்கிழமை மாஸ்டர் நகரத்துக்கு வந்தார், படி ஏறவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. சைக்கிள்கூட இல்லாத மனிதர் அங்கே நின்று, காற்றடிக்கும் பம்பை விலைக்கு வாங்கப் போகிறவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இறங்கி வந்தாள். பெட்டியின் ஒரு பக்கத்தை நர்ஸம்மா பிடித்திருந்தார். வாசலில் அவள் கன்னத்தைத் தட்டி ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

பிறகு நர்ஸம்மா தலையைத் தூக்கித் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"என்ன சார், வேணுமா வேணாமா?" என்றார் பஞ்சர் கடைக்காரர். மாஸ்டர் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.